போதையும் அடிமைநிலையும்: கொழும்பு நகரின் அனுபவத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மயக்கந்தரும் பொருளை அறியாத மனித சமுதாயம் மிக அரிது. பனையும் தென்னையும் வளர்ந்த நிலத்திற் கள்ளும், கசகசாச் செடி வளர்ந்த நிலத்தில் அபினும், அவற்றோடு கஞ்சாவும் நெடுங்காலமாக மக்கள் வாழ்வோடு கலந்து வந்துள்ளன. ஆயின் இவற்றைத் தொட்டவர் அனைவரும் இவற்றுக்கு அடிமைகளாகிவிடவில்லை. பலர் தொட்டுப் பார்த்து விட்டனர். வேறு பலர் ஓரளவோடு நின்றனர். ஒரு சிலரே தொழிலையும் குடும்பத்தையும் உடல்நலத்தையும் இழந்த பின்னரும், விடவேண்டுமெனத் தாமே விரும்பிய பின்னரும், விடமுடியாதவராயினர். அந்தச் சிலரை ஏனையோரிலிருந்து பிரித்தது யாது? இவ்வினாவைக் கொழும்பு நகரின் அனுபவத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. பொருளே மனிதனைப் பிடித்துக்கொள்கிறது, ஒருமுறை தொட்டவன் மீளான் என்பது ஒன்று. ஒழுக்கமும் மனவுறுதியும் அற்றவனே அடிமையாகிறான் என்பது மற்றையது. வீட்டுத் திண்ணை முதற் சட்டமன்றம் வரை இவ்விரண்டு விடைகளே மாறிமாறி ஆட்சி செய்துள்ளன. முதலாவது விடை பொருளைத் தடைசெய்யும் சட்டத்தையும், இரண்டாவது விடை ஆளைத் தண்டிக்கும் சட்டத்தையும் தோற்றுவித்தன. இரண்டும் போதியன அல்ல என்பதை வரலாறு காட்டுகின்றது.

ஆராய்ச்சியிற் புகுமுன் மூன்று நிலைகளை வேறுபடுத்திக் கொள்வது அவசியம். முதலாவது பயன்பாடு. அது எப்போதாவது உட்கொள்வது. இரண்டாவது உடற்சார்பு. தொடர்ந்து உட்கொள்ளும் உடல் அப்பொருளுக்கு இசைவடைந்து, அதனை நிறுத்தும்போது நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை முதலிய துன்பங்களை அடைவது. மூன்றாவது அடிமைநிலை. தீங்கு கண்கூடாகத் தெரிந்த பின்னரும் தன்னைத் தடுக்கமுடியாது பொருளை நாடி ஓடும் கட்டுமீறிய நாட்டம் அது. உடற்சார்பும் அடிமைநிலையும் ஒன்றல்ல. மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் நோவு தணிக்க மோர்பின் பெறும் நோயாளரின் உடல் அம்மருந்துக்குப் பழகிவிடுகிறது. எனினும் அவர்களிற் பெரும்பாலோர் அதனைத் தேடி அலைவோராக மாறுவதில்லை. எனவே உடல் பழகிவிடுதல் மட்டும் அடிமைநிலைக்குக் காரணமாகாது.

தமிழ் மரபின் பார்வை

சங்க இலக்கியத்திற் கள் இழிபொருளன்று. மன்னனும் புலவரும் வீரரும் பகிர்ந்துண்ட பானமாக அது காட்சியளிக்கின்றது. அதியமான் நெடுமான் அஞ்சியை இழந்து ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில், அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்த பண்பே அவனது கொடைக்குச் சான்றாக நினைவுகூரப்படுகின்றது. திருக்குறளுக்கு வரும்போது நிலைமை மாறுகின்றது. கள்ளுண்ணாமை என ஒரு முழு அதிகாரம் வகுக்கப்படுகின்றது. அவ்வதிகாரம் வைக்கப்பட்டுள்ள இடம் நமது கவனத்துக்குரியது. வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது ஆகிய மூன்றும் பொருட்பாலில் 92, 93, 94 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன.

சூதாட்டத்தில் எப்பொருளும் உடலினுட் செல்வதில்லை. அவ்வாறிருந்தும் அது கள்ளின் அருகே வைக்கப்பட்டுள்ளது. மனிதனைப் பற்றிக்கொள்வது பொருள் மட்டுமன்று, ஒரு நாட்டத்துக்கும் மனத்துக்குமிடையே தோன்றும் உறவே என்ற உணர்வு இவ்வைப்புமுறையிற் பொதிந்துள்ளது எனக் கருதலாம். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட தன் நோய்வகைப்பாட்டு நூலிற் சூதாட்ட அடிமைநிலையை மது, போதைப்பொருள் ஆகியவற்றுடன் ஒரே தொகுதியிற் சேர்த்தது. திருக்குறளின் அடைவு இதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

மருத்துவ மரபிலும் அபினுக்கும் கஞ்சாவுக்கும் இடமிருந்தது. சித்த, ஆயுள்வேத வைத்தியர் இவற்றை நோவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் உறக்கமின்மைக்கும் அளவறிந்து வழங்கினர். கஞ்சா சேர்ந்த மதனமோதகம் என்னும் இலேகியம் இலங்கையில் இன்றும் யாவரும் அறிந்த பெயராகும். சுதேச மருத்துவத் தேவைக்காக இவற்றைக் கட்டுப்பாட்டுடன் வழங்கச் சட்டமும் இடமளிக்கின்றது. ஒரே பொருள் ஒருவர் கையில் மருந்தாகவும் இன்னொருவர் கையில் அழிவாகவும் அமைவதை நம் முன்னோர் அறியாதவரல்லர்.

அபின் கடையும் பதிவேடும்

கசகசாச் செடி இலங்கையிற் பயிரிடப்படவில்லை. எனவே அபின் கடல்வழி வந்த பண்டமாகவே இருந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலேயே இந்துசமுத்திர வணிகத்தில் அது முக்கியமான சரக்கு. பிரித்தானியராட்சியில் அது வருமானத்துக்குரிய பொருளாயிற்று. 1867 ஆம் ஆண்டில் அபின், பங்கி ஆகியவற்றின் விற்பனையை ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் பெற்ற கடைகளில் அபின் வெளிப்படையாக விற்கப்பட்டது. அரசு இறக்குமதித் தீர்வையையும் உரிமப் பணத்தையும் பெற்றது.

இக்காலத்திலேயே கொழும்பின் முகமும் மாறியது. 1875 இல் தொடங்கிய தென்மேற்கு அலைதாங்கியின் வேலை 1885 இல் நிறைவுற்றது. காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, செட்டியார் தெரு ஆகிய பகுதிகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் வணிகரும் மாலுமிகளும் நெருங்கி வாழ்ந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்து, நாட்கூலிக்கு மூட்டை சுமந்து, ஓரறையிற் பலராக உறங்கிய ஆடவருக்குக் கள்ளும் சாராயமும் அபினும் உடல்நோவையும் தனிமையையும் தணிக்கும் மலிவான வழிகளாயின. நகரின் தென்புறத்தில் வெள்ளவத்தை நெசவாலையைச் சூழத் தோன்றிய தொழிலாளர் குடியிருப்புகளின் வாழ்வும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அபினுக்கெதிரான இயக்கம் பிரித்தானியாவிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் வலுப்பெற்றது. இந்திய அபின் பற்றி ஆராய 1893 இல் பிரித்தானியாவில் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. இலங்கையில் மதுவிலக்கு இயக்கத்தின் எழுச்சியோடு அபின் எதிர்ப்பும் கிளர்ந்தது. 1907 இல் இதனை ஆராயக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1910 ஆம் ஆண்டின் அபின் கட்டளைச் சட்டம் வந்தது. பொதுக் கடைகள் மூடப்பட்டன. இறக்குமதி அரசின் தனியுரிமையாயிற்று. சுதேச வைத்தியரும், ஏற்கெனவே அபினுக்குப் பழகியவரும் பதிவுசெய்யப்பட்டு, அவர்களுக்கு மட்டும் அளவிட்டு அபின் வழங்கப்பட்டது. சங்காயில் 1909 இல் அனைத்துலக அபின் ஆணைக்குழு கூடியதும், 1912 இல் ஹேக் நகரில் உடன்படிக்கை கைச்சாத்தானதும் இதே காலப்பகுதியிலாகும். பின்னர் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இவையனைத்தையும் ஒன்றுதிரட்டியது. பல திருத்தங்களுடன் அதுவே இன்றும் நடைமுறையிலுள்ள அடிப்படைச் சட்டமாகும்.

1910 ஆம் ஆண்டின் பதிவேடு ஒரு சிறப்புடையது. பழகியவன் வேறு, பழகாதவன் வேறு என்பதை அது ஏற்றுக்கொண்டது. பழகியவனைச் சிறையிலடைப்பதைவிட அவனுக்குரிய அளவை வழங்கி, புதியவர் பழகாது தடுப்பதே நோக்கமென அது கருதியது. ஆயினும் ஒரு குறை அதனிடத்திருந்தது. ஏன் இவர்கள் பழகினர், அதே கடையருகே வாழ்ந்த ஏனையோர் ஏன் பழகவில்லை என்னும் வினாவை அது எழுப்பவில்லை. உடற்சார்பை அது கண்டது. அதன் பின்னாலிருந்த வாழ்வைக் காணவில்லை.

தூளின் வருகை

அபினின் வலிமைக்குக் காரணமான மோர்பினை ஜேர்மனியரான சேர்ட்டூனர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தெடுத்தார். அதிலிருந்து ஆக்கப்பட்ட ஹெரோயினை 1898 இற் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. எனினும் இலங்கையில் அதன் பரவல் 1980 களின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. 1977 இன் பின்னர் திறந்துவிடப்பட்ட பொருளாதாரமும் பெருகிய உல்லாசப் பயணமும் ஒருபுறம். 1979 இன் பின்னர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லைப்புறத்தில் ஹெரோயின் உற்பத்தி பெருகியமை மறுபுறம். கரையோர உல்லாச விடுதிகளில் வெளிநாட்டினரிடையே காணப்பட்ட பழுப்புநிறத் தூள் சில ஆண்டுகளிலேயே கொழும்பின் ஒழுங்கைகளை வந்தடைந்தது. தமிழிற் ‘தூள்’ என்றும், நகரப் பேச்சிற் ‘குடு’ என்றும் அது பெயர்பெற்றது.

இங்கு பொருளின் வடிவம் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். உருண்டையாக விழுங்கப்படும் அபினிலுள்ள மோர்பின் ஏறத்தாழ பத்திலொரு பங்கே. அது குடலினூடாக மெதுவாக இரத்தத்திற் கலக்கிறது. ஹெரோயினோ மோர்பினைவிட வலியது. இலங்கையில் அது பெரும்பாலும் ஊசிமூலம் ஏற்றப்படுவதில்லை. ஈயத்தாளில் இட்டுச் சூடாக்கி எழும் புகையை உறிஞ்சுவதே வழக்கம். இவ்வாறு உறிஞ்சப்படும் ஹெரோயின் சில நொடிகளில் மூளையை அடைகிறது. பயன் எவ்வளவு விரைவாகக் கிட்டுகிறதோ அவ்வளவு ஆழமாக மூளை அதனைக் கற்றுக்கொள்கிறது. எனவே பொருளுக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறுத்தலாகாது. ஆயின் அது முழுப் பங்கன்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1990 களின் தொடக்கத்தில் நடைபெற்ற தேசிய ஆய்வொன்றின் முடிவுகள் 1994 இல் வெளியாயின. புகையிலையைத் தொட்டவரில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர், ஹெரோயினைத் தொட்டவரில் 23 சதவீதத்தினர், கொக்கெயினில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9 சதவீதத்தினர் வாழ்நாளில் ஏதோவொரு காலத்தில் அதற்கு அடிமைகளாயினர் என அது கண்டது. இருவகை உண்மைகளை இவ்வெண்கள் தெரிவிக்கின்றன. பொருளுக்குப் பொருள் ஆபத்து வேறுபடுகிறது என்பது ஒன்று. ஹெரோயின் போன்ற கொடிய பொருளிற்கூடத் தொட்டவரிற் பெரும்பான்மையோர் அடிமையாவதில்லை என்பது மற்றையது. ‘தொட்டவன் மீளான்’ என்னும் கூற்று இளைஞரை எச்சரிக்க உதவலாம். ஆனால் அடிமையானவனை விளங்கிக்கொள்ள அது உதவாது.

வியட்நாம் தந்த பாடம்

இத்துறையில் மிகப் பெரிய இயற்கைப் பரிசோதனையாக அமைந்தது வியட்நாம் போராகும். அங்கு சென்ற அமெரிக்கப் படையினரிடையே மலிவான, தூய்மைமிக்க ஹெரோயின் தாராளமாகக் கிடைத்தது. 1971 இல் நாடு திரும்பிய படையினரைச் சமூகவியலாளரான லீ றொபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அபின் வகைப் பொருளைப் பயன்படுத்தியிருந்தனர். ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் தாம் அங்கே அடிமையாகியிருந்ததாகக் கூறினர். நாடு திரும்பியதும் பெருந்தொகையான அடிமைகள் நகரங்களை நிறைப்பர் என அரசு அஞ்சியது. அவ்வாறு நிகழவில்லை. அங்கு அடிமையாயிருந்தவருள் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 சதவீதத்தினரே. மூன்றாண்டுகளில் அத்தொகை 12 சதவீதமாயிருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் எவ்வித சிகிச்சையும் பெறாதவர்.

இதன் பொருள் யாது? அச்சமும் சலிப்பும் தனிமையும் நிறைந்த போர்க்களத்திற் பற்றிய பழக்கம், அக்களத்தை விட்டு நீங்கியபோது பற்றுக்கோடின்றி உதிர்ந்தது. வீடும் வேலையும் உறவும் காத்திருந்தவர் மீண்டனர். மீளாத சிறுபான்மையினரிடையே போருக்கு முன்னரே பொருள்களைப் பயன்படுத்தியவரும், இளமையிலேயே ஒழுக்கச் சிக்கல்களுக்குள்ளானவரும் மிகுதியாக இருந்தனர். ஆகவே இடமும் ஆளும் சேர்ந்தே அடிமைநிலையைத் தீர்மானித்தன.

இதற்கு முன்பே, 1940 களில், ஐக்கிய அமெரிக்காவின் லெக்சிங்ரன் மருத்துவமனையிற் பணியாற்றிய ஏபிரகாம் விக்ளர் இதன் மறுபக்கத்தைக் கண்டிருந்தார். பல மாதங்களாகப் பொருளைத் தொடாது நலமடைந்தவர்களும் பழைய சூழலையும் பழைய கூட்டாளிகளையும் அணுகும்போது, நிறுத்தற்காலத் துன்பங்களை மீண்டும் உடலில் உணர்ந்தனர். தெருமுனையும் நண்பனின் முகமும் தீக்குச்சியின் ஒலியுமே உடலை அழைக்கும் குறிகளாகிவிடுகின்றன. உடலிலிருந்து பொருள் வெளியேறிய பின்னரும் கற்ற பாடம் மூளையில் எஞ்சியிருக்கிறது.

சிலர் மட்டும் ஏன்?

மூளையின் அடித்தளத்தில் உணவு, உறவு, வெற்றி ஆகியவற்றை மீண்டும் நாடச்செய்யும் ஓர் அமைப்புண்டு. 1954 இல் ஒல்ட்ஸ், மில்னர் ஆகியோர் எலியின் மூளையில் இதனைக் கண்டறிந்தனர். 1973 இல் அபின் வகைப் பொருள்கள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும், 1975 இல் மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களும் கண்டுபிடிக்கப்பட்டன. போதைப்பொருள் அந்நியமான பூட்டைத் திறக்கவில்லை. வாழ்வதற்காக இயற்கை அமைத்த பூட்டையே கள்ளச்சாவியாற் திறக்கின்றது. 1993 இல் றொபின்சன், பெரிட்ஜ் ஆகிய இருவரும் இன்பத்தையும் நாட்டத்தையும் வேறுபடுத்திக் காட்டினர். நாட்செல்லச் செல்ல இன்பம் குறைகிறது, நாட்டமோ பெருகுகிறது. அடிமையானவன் தான் விரும்பாத ஒன்றையே தாங்கொணாது நாடுகிறான். ‘இவனுக்கு இதிலென்ன சுகம்?’ எனத் தாய் கேட்கும் வினாவுக்கு உண்மையான விடை இதுவே. சுகம் நீங்கி நெடுநாளாயிற்று, நாட்டமே எஞ்சியுள்ளது.

இவ்வமைப்பு எல்லா மனிதருக்கும் பொதுவானது. ஆயினும் சிலரிடமே அது கட்டுமீறுகின்றது. அதற்கான காரணங்களாக ஆராய்ச்சி நான்கினை முதன்மைப்படுத்துகிறது. முதலாவது மரபுவழி. இரட்டையர், தத்துப்பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளின்படி ஆபத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு பரம்பரையைச் சார்ந்தது. ஒரு தனி மரபணுவன்று, பல மரபணுக்களின் சிறுசிறு பங்குகளே இதற்குக் காரணம். இரண்டாவது வயது. ஆசையைத் தடுத்து ஆராயும் முன்மூளை இருபத்தைந்து வயதளவிலேயே முழு வளர்ச்சி பெறுகிறது. பதினைந்து வயதில் தொடங்குபவனுக்கும் முப்பது வயதில் தொடங்குபவனுக்கும் ஆபத்து ஒன்றன்று. மூன்றாவது பிள்ளைப்பருவத் துன்பம். அடி, புறக்கணிப்பு, பெற்றோரின் இழப்பு, வீட்டு வன்முறை ஆகியவற்றைப் பலவாக அனுபவித்தோர் பிற்காலத்திற் போதைக்குட்படும் வாய்ப்புப் பன்மடங்காகிறது என 1998 முதல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மனச்சோர்வும் அச்சநோயும் இதனோடு சேரும். இத்தகையோர் பொருளை இன்பத்துக்காக அன்றி நோவு தணிக்கவே நாடுகின்றனர். நான்காவது வாழ்வில் மாற்றுவழியின்மை. வேலை, கல்வி, மதிப்பு, உறவு ஆகியன எட்டாதவனுக்குப் பொருளின் அழைப்பை எதிர்த்து நிற்க வேறு அழைப்பில்லை.

இந்நான்கினுள் ஒன்றேனும் தனியே விதியாகாது. குடிகாரத் தந்தையின் மைந்தர் அனைவரும் குடிகாரராவதில்லை. ஆனால் நான்கும் ஒருவரிடத்தே கூடுமிடத்து, விரைந்து செயற்படும் பொருளொன்று மலிவாகக் கைக்கெட்டுமாயின், சிலரது வாழ்வு பிடியிழந்து விடுகிறது. மனவுறுதி என்பது யாவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட முதலன்று. அதனைக் குலைப்பனவும் வளர்ப்பனவும் பெரும்பாலும் தனிமனிதனின் தெரிவுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன.

கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

இவ்வெளிச்சத்தில் கொழும்பின் தமிழர் வாழும் இரு பகுதிகளை நோக்குவோம். கொட்டாஞ்சேனை துறைமுகத்தையும் சந்தையையும் நம்பிய உழைப்பாளர் நெருங்கிவாழும் பகுதி. புனித லூசியாள் பேராலயத்தையும் கோயில்களையும் பெரிய பாடசாலைகளையும் உடைய அதேயிடத்தில், தோட்டமெனப்படும் நெருக்கமான குடியிருப்புகளும் உள்ளன. பாடசாலையை இடையில் விட்ட சிறுவனுக்கு நாட்கூலி வேலையும் தெருவுமே உலகம். பொருள் விற்கப்படும் மூலையும், விற்பவனும், உடன் உறிஞ்சும் நண்பனும் அவனது வீட்டிலிருந்து சில அடி தூரத்திலேயே இருப்பர்.

வெள்ளவத்தை வேறுவகையானது. அரச ஊழியரும் வணிகரும் மருத்துவரும் வாழ்ந்த காலி வீதிப் பகுதி அது. 1983 யூலை வன்செயல்களில் எரிந்து, மீண்டும் எழுந்தது. போர்க்காலத்தில் வடகிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கும் வெளிநாடு செல்லக் காத்திருந்தோருக்கும் அது தங்குமிடமாயிற்று. இரு பகுதிகளிலும் விடுதியறைகளில் இளைஞர் மாதக்கணக்காகக் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தனர். பிறந்த ஊரை இழந்து, செல்லும் ஊரை அடையாது, சோதனைச் சாவடிக்கும் சுற்றிவளைப்புக்கும் அஞ்சி, அயல்நாட்டு உறவினர் அனுப்பும் பணத்தில் வேலையின்றி வாழ்ந்த அந்நாட்கள் மேலே கூறிய காரணங்களிற் பலவற்றை ஒருங்கே கொண்டிருந்தன. எனவே வறுமை மட்டுமே காரணமெனக் கொள்வது பொருந்தாது. வெறுமையும் ஒரு காரணமே.

இரு பகுதிகளுக்குமிடையே பெரிய வேறுபாடு பிள்ளை வீழ்ந்த பின்னரே புலப்படுகிறது. வசதியுள்ள வீட்டார் மகனைத் தனியார் சிகிச்சைக்கோ, தமிழ்நாட்டுக்கோ, கனடாவிலுள்ள தாய்மாமன் வீட்டுக்கோ அனுப்பிவிடுவதுண்டு. மானத்துக்கஞ்சியே பலர் இதனைச் செய்கின்றனர். ஆயினும் தம்மையறியாமலே அவர்கள் றொபின்ஸ் கண்ட உண்மையைக் கையாள்கின்றனர். பிள்ளையைக் களத்திலிருந்து வெளியேற்றி விடுகின்றனர். புதிய இடத்திற் பராமரிப்பும் துணையும் கிட்டாவிடின் அதுவும் பயன்தராது என்பது வேறு விடயம். கொட்டாஞ்சேனைத் தோட்டத்துப் பிள்ளைக்கோ செல்வதற்கு வேறிடமில்லை. வியட்நாமிலிருந்து மீண்ட படைவீரன் வீடு திரும்பினான், பிழைத்தான். இவன் திரும்பும் வீடே இவனது போர்க்களம். சிகிச்சை முடித்த மறுநாள் அதே ஒழுங்கை, அதே மூலை, அதே முகங்கள். விக்ளர் கூறிய குறிகள் யாவும் அவனது வாசலிலேயே காத்து நிற்கின்றன. பின்னர் அவன் மீண்டும் வீழ்ந்தால் ‘திருந்தாதவன்’ என்கிறோம்.

சட்டம் சென்ற வழி

1973 இற் பொலிஸ் போதைப்பொருள் தடுப்புப் பணியகம் தோன்றியது. ஹெரோயினின் வருகையை எதிர்கொள்ள 1984 ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. 11 ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவியது. 13 ஆம் இலக்கச் சட்டம் 2 கிராமும் அதற்கு மேலுமான ஹெரோயினுக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறையை விதித்தது. அபின் பழகியவனைப் பதிவேட்டிற் பதிந்த நாடு முக்கால் நூற்றாண்டில் இவ்விடத்தை வந்தடைந்தது. 1976 இன் பின்னர் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 இல் நான்கு போதைப்பொருட் கைதிகளைத் தூக்கிலிட அன்றைய சனாதிபதி முயன்றபோது உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இத்தகைய கடுமை நிலவிய அதே ஆண்டில், நாட்டில் ஹெரோயின் பயன்படுத்துவோர் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் எனவும் கஞ்சா பயன்படுத்துவோர் ஏறத்தாழ 3 இலட்சம் எனவும் மேற்படி சபையின் ஆய்வு மதிப்பிட்டது.

2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வழிசெய்தது. அது கட்டாயச் சிகிச்சைக்கும் இடமளித்தது. பொலனறுவை மாவட்டத்துக் கந்தக்காடு நிலையத்திற்குப் பலர் அனுப்பப்பட்டனர். 2022 யூனில் அங்கு ஒருவர் இறந்ததை அடுத்துக் கலகம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். 2023 டிசெம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையிற் பல்லாயிரவர் கைதாயினர். 2024 சனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதனை நிறுத்தி மறுபரிசீலனை செய்யுமாறு கோரினர். கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகள் இத்தேடுதல்களை நன்கறிந்தன. வணிகனும் நோயாளியும் அங்கே ஒரே வாகனத்தில் ஏற்றப்பட்டனர்.

வணிகத்தை ஒடுக்கவேண்டும் என்பதில் இருகருத்துக்கு இடமில்லை. பொருள் எளிதிற் கிட்டாதபோது தொடுவோர் தொகை குறையும், தொடும் வயது தள்ளிப்போகும். இவை பெரும் நன்மைகளே. ஆயின் தண்டனைக்கு அஞ்சி நிறுத்தக்கூடியவன், இயல்பாகவே நிறுத்தக்கூடிய பெரும்பான்மையைச் சேர்ந்தவன். தீங்கு கண்டும் நிறுத்தமுடியாமை என்பதே அடிமைநிலையின் இலக்கணமாயிருக்க, மேலும் ஒரு தீங்கைக் காட்டி அவனை நிறுத்த எண்ணுவது நோயின் இயல்பை அறியாமையாகும். சிறையோ, சிறையையொத்த புனர்வாழ்வோ பொருளை அவனிடமிருந்து சில மாதங்கள் விலக்கி வைக்கும். அவனைச் சூழ்ந்த குறிகளை அது மாற்றாது. அவ்விடைவெளியில் உடல் தன் தாங்குசக்தியை இழந்துவிடுவதால், வெளிவந்து பழைய அளவை எடுப்பவன் உயிரிழக்கும் ஆபத்தும் உண்டு.

முடிவுரை

கொழும்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அனுபவத்தைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகிறது. அபின் கடை, பதிவேடு, தடைச்சட்டம், மரணதண்டனை, சுற்றிவளைப்பு என ஆட்சியின் கருவிகள் மாறின. ‘இவன் மட்டும் ஏன்?’ என்னும் வினா கேட்கப்படாமலே நின்றது. அடிமைநிலை பொருளின் மாயமுமன்று, ஒழுக்கத்தின் தோல்வியுமன்று. பரம்பரையும் வயதும் பழைய காயமும் வெறுமையும் ஒருவரிடத்துக் கூடி, விரைவான பொருளொன்று வாசலில் நிற்கும்போது மூளை கற்றுக்கொள்ளும் கொடிய பாடம் அது. கற்ற பாடத்தை மறக்கச் செய்வது கடினம். புதிய பாடத்தைக் கற்பிப்பது இயலும். அதற்குப் பராமரிப்பும் வேலையும் துணையும் மாறிய சூழலும் வேண்டும்.

சிகிச்சையின் வெற்றி நிலையத்தின் வாயிலில் முடிவடைவதில்லை. ஒழுங்கையின் வாயிலிலேயே அது தொடங்குகிறது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை மீண்டு வரும்போது அவனை ஏற்கும் வேலைத்தலம் ஒன்றும், மாலைப் பொழுதை நிரப்பும் வாசிகசாலையோ விளையாட்டுக் கழகமோ ஒன்றும், வீழ்ந்தாலும் கதவடைக்காத வைத்தியர் ஒருவரும் அவ்வூரிலேயே இருத்தல் வேண்டும். வெள்ளவத்தையில் மானத்துக்கஞ்சி மறைக்கும் பெற்றோர், மறைத்தலிற் கழியும் மாதங்களே மீட்சிக்கு உகந்த மாதங்கள் என்பதை உணர்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. ‘குடுக்காரன்’ என்னும் ஒரு சொல்லால் மனிதனொருவனின் வரலாற்றை முடித்துவிடும் வழக்கத்தை முதலில் நாம் கைவிடுவோமாக.